இரண்டு வீச்சு, ஒரு நிறுத்தம்

மீன்களை முதலில் வெளியேற்றினார்கள். ஒரு மீன் வாலை ஆட்டினால்கூடத் தண்ணீர் கலங்கும், அப்புறம் எது கடல், எது மீன் என்று தெரியாமல் போகும் என்று தளவாய் சொல்லியிருந்தான். இரண்டு கோமாளி மீன்களும் ஒரு மஞ்சள் மீனும் இப்போது குளியலறையில், துணி ஊறவைக்கும் நீல வாளிக்குள், காற்றுக் குழாயின் குமிழிகளை முட்டிக்கொண்டிருந்தன. ஹாலில் இருந்த பெரிய தொட்டியில் மிஞ்சியது பவளம் மட்டும்தான்.

அது மான்கொம்புப் பவளம். ஜெசிந்தாவின் வீட்டுக்கு வந்தபோது கட்டைவிரல் அளவுதான் இருந்தது. இப்போது இரண்டு கைகளாலும் அணைத்தால்தான் பிடிபடும் என்கிற அளவுக்குக் கிளை விட்டிருந்தது.

வளைகுடாவின் பாறைகளெல்லாம் வெளுத்துச் செத்த பிறகு, மிஞ்சிய துண்டுகளை வீடுகளில் வளர்க்கக் கொடுத்தார்கள். அதற்கென்று கடல் பதிவு மையம் ஒன்று வந்தது. தூத்துக்குடியிலிருந்து மேலே கடற்கரை நெடுக, டிவி இருந்த இடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்திருந்த வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. தொட்டியும் உப்புத் தண்ணீரும் பெரிய விஷயமில்லை. தண்ணீரை அசைப்பதுதான் விஷயம். கடையில் விற்கும் மோட்டாரை வைத்து அங்குமிங்கும் அடித்தால் பவளம் உயிரோடு இருந்தது. ஆனால் முட்டை விடவில்லை. அதற்குத் தன்னுடைய கடல் வேண்டியிருந்தது.

அந்தக் கடல் இருந்தது. பாறைகள் உயிரோடு இருந்த காலத்தில் அவற்றுக்கு நடுவே நட்டிருந்த கம்பங்கள், தம்மைச் சுற்றித் தண்ணீர் எப்படியெல்லாம் அசைந்தது என்பதை இடைவிடாமல் பதிந்து வைத்திருந்தன. நெத்திலிக் கூட்டம் கடந்தது, ஆமை திரும்பிப் படுத்தது, தொலைவில் கப்பல் போனது, எல்லாம் அதில் இருந்தன. தொட்டியின் நான்கு மூலைகளிலும் அடியிலும் இருந்த மோட்டார்கள் அந்த அசைவை அப்படியே திருப்பித் தந்தன. எந்தக் கம்பத்தடியில் எடுத்த பவளமோ, அந்தக் கம்பத்தின் கடல்.

ஜெசிந்தாவின் ஹாலில் ஓடியது பன்னிரண்டாம் கம்பத்தின் கடல். அந்தக் கம்பத்தடியில்தான் அவள் கணவன் கிளாட்வின் கடைசியாக இறங்கினான். அந்தக் கம்பத்தின் பவளம் தனக்கு வரும்வரை அவள் மனுப் போட்டுக்கொண்டே இருந்தாள். பவளத்தின் மேல் அவளுக்கு ஆசை ஒன்றும் இல்லை.

"அக்ஸி எங்கக்கா?" என்று கேட்டான் தளவாய். மையத்தின் சார்பில் அந்தப் பகுதித் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவன் அவன். மோட்டார்களை இயக்கும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"டியூஷன். அப்படியே கூட்டுக்காரி வீட்டுக்குப் போயிட்டு சாயங்காலம்தான் வருவா."

"அவகிட்ட சொன்னீயளா?"

"சொன்னா விடுவாளா? நம்ம ரெண்டு பேரையும் அந்த வாளிக்குள்ள போட்டு மூடிருவா."

தளவாய் சிரித்தான்.

"டீ போடவா?"

"போடுங்க. வேலை போகப்போறவனுக்கு ஒரு டீயாவது கெடைக்கட்டும்."

அவன் தொட்டியைப் பார்க்க வரும் போதெல்லாம், கணவன் காணாமல் போன நாளின் பதிவை இந்தத் தொட்டியில் ஓட்டச் சொல்லி அவள் கேட்டாள். அவனும் ஒவ்வொரு முறையும் முடியாது என்றான். போன வாரம் அவனாகவே வந்து வாசலில் நின்றான். பயன்படாத பழைய பதிவுகளை மையம் அழிக்கப்போகிறது. கிளாட்வின் காணாமல் போன நாளின் கடலும் அதில் இருக்கிறது. 'கருவிக் கோளாறு' என்று குறித்து ஒதுக்கிய நாள் அது. நாளைக்கு அழித்துவிட்டால் அது எங்கேயும் இருக்காது.

"கடைசியா ஒரு தடவ சொல்லிருதேன்" என்றான் டீயை வாங்கிக்கொண்டு. "இது புயல் நாள் இல்ல. புயல்னாகூட தாங்கும், ரெண்டு கிளை ஒடியும். இது கடல் நின்ன நாள்."

"தெரியும்."

"தெரியும்னு சொல்லுதிய. அஞ்சு மோட்டாரும் நின்னுரும். தண்ணி அசையலன்னா அதுக்கு மூச்சு இல்ல. மீனுன்னா நல்ல தண்ணி இருக்க பக்கம் நீந்திப் போயிரும். இது எங்க போவும்? தண்ணிதான் இதத் தேடி வரணும். வரலன்னா அது விட்ட மூச்சே அதச் சுத்திப் போர்வை மாதிரி மூடிக்கும். கொஞ்ச நேரத்துல கோழை விடும். அப்புறம் நுனியிலேருந்து வெளுக்கும்."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ஒரு மத்தியானம் தாங்கலாம். தாங்காமலும் போவலாம். இன்னும் ரெண்டு மூணு நாள்ல முட்டை விடப்போற பவளம்க்கா இது. இந்தக் கரையில எந்த வீட்லயும் இதுவரைக்கும் நடந்ததில்ல. மையத்துலேருந்து கேமராவோட வரப்போறாங்க."

ஜெசிந்தா தொட்டியைப் பார்க்கவில்லை. "கம்ப்யூட்டர்ல கோடு கோடா வருமே, அப்படிப் பாத்துச் சொல்ல முடியாதா?"

"எத்தன தடவ கேப்பிய? பூட்டுன பதிவு. இந்தப் பெட்டிக்கு மட்டும்தான் அதத் திறக்கத் தெரியும். அதுக்கும் ஓட்டத்தான் தெரியும், காட்டத் தெரியாது."

"சீக்கிரமா ஓட்டக் கூடாதா?"

"ஒரு நாள் கடல கால் மணி நேரத்துல ஓட்டுனா தொட்டி மிக்ஸி ஆயிரும். படகு அண்ணன விட்டுட்டுப் போனதுக்கு அப்புறம் உள்ளதுலேருந்து தொடங்குதேன். அதுதான் என்னால முடிஞ்சது."

பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சிவப்புப் பொத்தானைத் தொட்டுக் காட்டினான். "இன்னொண்ணு. தண்ணியில காத்து குறைஞ்சா தொட்டி தானா ஆபத்து முறைக்குப் போயிரும். போச்சுன்னா பதிவு பாதியில நிக்கும். அதனால இதையும் அணைக்கணும்."

"அது என்ன முறை?"

"கரண்டு போச்சுன்னா பேட்டரியில ஒரே ஒரு மோட்டார் மட்டும் ஓடி பவளத்தச் சாகாமப் பாத்துக்கும். ரொம்பக் கொஞ்சமா அசைக்கும், ஆனா காப்பாத்திரும். உங்க கட்டடத்துல ஜெனரேட்டர் இருக்கதால நீங்க பாத்திருக்க மாட்டீய. மத்த வீடுகளுக்கு அதுதான் சாமி."

அவன் அதை அணைத்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள்.

எத்தனையோ வருடங்களாக அந்த ஹாலில் ஓடிக்கொண்டிருந்த, கேட்கிறோம் என்பதையே அவள் மறந்துவிட்ட ஒரு முணுமுணுப்பு நின்றது. கீழே தெருவில் பழைய இரும்புக்காரன் கூவிக்கொண்டு போவது கேட்டது. தொட்டியின் மேற்பரப்பு மெல்ல மெல்ல அடங்கி, கடைசியில் கண்ணாடியோடு கண்ணாடியாக ஆனது. சன்னலின் சட்டம் அதில் வளைவில்லாமல் தெரிந்தது. பவளத்தின் கிளைகளில் புல்லரித்தது போல நின்ற சின்னஞ்சிறு உணர்கொம்புகள் அசைவதற்கு எதுவும் இல்லாமல் நின்றன.

இதுதான் அந்த நாள் என்று நினைத்தாள். இப்படித்தான் இருந்திருக்கிறது.

அவனை இறக்கிவிட்டுப் போனவர்களும் அதையே சொன்னார்கள். கடல் எண்ணெய் ஊற்றியது மாதிரி கிடந்தது. சங்கு குளித்துப் பழகிய கிளாட்வின், கம்பத்தின் மேல்பக்கம் பிடித்த பாசியைச் சுரண்ட இறங்கினான். மிதவையில் மாற்றுச் சிலிண்டர்களைக் கட்டிவிட்டுப் படகு அடுத்த கம்பத்துக்குப் போனது. வழியில் எஞ்சின் பழுது. வெயில் சாயும் நேரத்தில்தான் திரும்ப வர முடிந்தது. மிதவை இருந்தது. சிலிண்டர்கள் எல்லாம் காலியாக இருந்தன. மிதவைக் கயிற்றில் அவனுடைய சட்டை கட்டியிருந்தது. அவன் இல்லை. எங்கேயும் கரை ஒதுங்கவும் இல்லை.

அலையே இல்லாத கடலில் சங்குகுளிக்காரன் எப்படிச் சாவான் என்று ஊர் கேட்டது. ஒரு வருடம் கழித்து, கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைக் கரையில், கல்பிட்டியில் அவனைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். வேறொருத்தி, கைக்குழந்தை. அடுத்த வருடம் இன்னொருவன் வந்து அந்தக் குழந்தைக்கு நடக்கத் தெரியும் என்றான். விசாரணையில் கம்பத்தின் பதிவைக் கேட்டபோது அன்றைக்குக் கருவி கோளாறு என்றார்கள். பணியிலிருந்து ஓடிப்போனவன் என்று கோப்பை மூடினார்கள்.

ஜெசிந்தா தாலியைக் கழற்றவில்லை. போட்டிருந்தாள் என்றும் சொல்ல முடியாது. சேலைக்குள் அது இருக்கிறதா என்று சில சமயம் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். கல்லறைத் திருநாள் வரும்போது மற்றவர்களைப் போல அவளும் மெழுகுவத்தி வாங்குவாள். ஆனால் ஏற்றக் கல்லறை இல்லை. செத்தவனா, விட்டுப்போனவனா என்று தெரியாதவனுக்கு எதை வேண்டிக்கொள்வது? பெயர் தெரியாத யாருடைய சிலுவையடியிலாவது அதை ஏற்றிவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் வந்துவிடுவாள். அவன் செத்திருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்ட நாட்கள் உண்டு. அந்த நாட்களில் அவள் திருப்பலிக்குப் போனதில்லை.

நிழல் தரையில் நகர்ந்தது. தளவாய் பெட்டியின் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். பச்சை மஞ்சளாயிற்று. உணர்கொம்புகள் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டன. கிளைகளின் மேல் எச்சில் நூல் போல ஏதோ படர்ந்தது.

"கோழை" என்றான் தளவாய்.

"ம்."

"நிறுத்திருவோமா அக்கா?"

"இன்னும் ஒண்ணுமே வரலையே."

"ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். அண்ணன் கம்பத்துலேருந்து நீந்தி அந்தப் பக்கம்…"

"போயிருந்தா போயிருக்கட்டும்" என்றாள் ஜெசிந்தா. "அதத்தான் நான் பாக்கணும். போனவரு போனாருன்னு தெரிஞ்சா எம்பிள்ள தினமும் கதவத் திறந்து பாக்க மாட்டா."

மஞ்சள் சிவப்பானது. ஒரு கிளையின் நுனியில், நகத்தடியில் தெரியும் பிறை போல, ஒரு வெண்மை தோன்றியது. அந்த நேரத்தில்தான் கதவு திறந்தது.

அக்ஸிலியாவுக்குப் பதினாறு வயது. தோளில் பை, கையில் பாதி தின்ற முறுக்குப் பொட்டலம். ஹாலுக்குள் கால் வைத்ததும் நின்றாள். அவள் முதலில் கேட்டது அந்தச் சத்தம் இல்லாமல் போனதைத்தான்.

"ம்மா, மோட்டார் ஏன் நிக்குது?"

அக்ஸி பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

"தளவாய் அண்ணே, விளக்கு சிவப்பா இருக்கு. அண்ணே! நுனி வெளுக்குது, கண்ணு தெரியலையா? போடுங்க மோட்டார!"

"போடக் கூடாது" என்றாள் ஜெசிந்தா. "அது அப்பா காணாமப் போன நாளு. ஓடிக்கிட்டு இருக்கு."

அக்ஸிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் சுருங்கியது. "இதுக்காகவா என்னய டியூஷனுக்குத் தொரத்துன? நாந்தானம்மா இதுக்கு தினமும் சோறு போடுதேன். நாந்தான கண்ணாடி தேய்க்கேன். இன்னும் ரெண்டு நாள்ல முட்டை விடப்போற பவளத்தக் கழுத்த நெரிச்சுக் கொல்லுதியே, நீ மனுசிதானா?"

"ஏட்டி, வாய மூடு."

"அப்பா வரட்டும், சொல்லுதேன்."

அந்தச் சொல் ஹாலில் நின்றது. கல்பிட்டிக் கதையை முதல் முறை கேட்ட அன்றும் அவள் இதையே சொன்னாள். பங்குச் சாமியார் அடக்கப் பூசை வைப்போமா என்று கேட்ட அன்றும் இதைத்தான் சொன்னாள்.

"வரமாட்டாரு" என்றாள் ஜெசிந்தா. "வருவாரா மாட்டாரான்னு தெரியாம என்னால இன்னொரு வருசம் உக்கார முடியாதுட்டி. இந்தக் கல்லு செத்தாச் சாவட்டும்."

அக்ஸி பையைக் கீழே போட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சீருடைக் கையோடு முழங்கை வரை தொட்டிக்குள் விட்டாள். தளவாய் எழுந்து தடுப்பதற்குள் பவளத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து விசிறத் தொடங்கினாள். கோழை நூல் நூலாகப் பிரிந்து மிதந்தது. அவள் அழுதுகொண்டே விசிறினாள். கை ஓய்ந்ததும் நிறுத்தினாள்.

நிறுத்தியவள் அப்படியே இருந்தாள்.

"அண்ணே" என்றாள் மெதுவாக. "மோட்டாரப் போட்டுட்டீங்களா?"

"இல்லையே."

"தண்ணி கையில அடிக்குது."

தளவாய் பெட்டியைப் பார்த்தான். அடி மோட்டாரின் எண் பூஜ்யத்திலிருந்து ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, பூஜ்யத்துக்குப் போனது. அங்கே நின்றது. மறுபடி ஏறியது.

"பதிவுலேருந்துதான் வருது" என்றான். "என்னன்னு தெரியல. மீனா இருக்கலாம். இவ்வளவு சீரா மீன் அசையாது. கருவிக் கோளாறுன்னு எழுதுனது இதத்தான்போல."

ஜெசிந்தா கண்ணாடிக்கு முகத்தைக் கொண்டுபோனாள். பவளத்தின் மேல் ஒட்டியிருந்த கோழை நூல் ஒன்று சாய்ந்தது. நிமிர்வதற்குள் மறுபடி சாய்ந்தது. பிறகு நிமிர்ந்து, அசையாமல் நின்றது. பிறகு சாய்ந்தது, சாய்ந்தது. நின்றது.

இரண்டு வீச்சு. ஒரு நிறுத்தம்.

சங்குகுளிக்காரர்கள் அடி மணலை அப்படித்தான் விசிறுவார்கள். உள்ளங்கையால் இரண்டு முறை. பிறகு கை ஓயும். கலங்கல் தெளிய வேண்டும், தெளிந்தால்தான் அடியில் கிடப்பது கண்ணுக்குத் தெரியும். இல்லை என்றால் மறுபடி இரண்டு. கிளாட்வினுக்கு அது கையில் ஊறிப்போயிருந்தது. பழைய வீட்டில் கரண்டு போகும்போது, பாயில் படுத்திருக்கும் பிள்ளைக்கு ஓலை விசிறியால் வீசுவான். அங்கேயும் இரண்டு வீச்சு, ஒரு நிறுத்தம். மற்றவர்கள் வீசுகிற மாதிரி வீசத் தெரியாதா என்று ஜெசிந்தா சிரிப்பாள்.

"என்ன, பிள்ளைக்கு அடியில சங்கு கெடக்கா?"

"கெடக்கு பாரு, வலம்புரி" என்பான் அவன். அக்ஸியை வெகுநாள் அப்படியேதான் கூப்பிட்டான்.

"ம்மா" என்றாள் அக்ஸி. கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல், தலையை மட்டும் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். அவள் உதடு கோணியது. தூக்கத்தில் நெற்றியில் பட்டுப் பட்டு விலகிய காற்று அது. அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அவருதான்" என்றாள் ஜெசிந்தா.

தளவாய் ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தான். ஜெசிந்தா சொன்னாள். சொல்லி முடிக்கும் வரையில் அடி மோட்டார் வீசிக்கொண்டே இருந்தது.

"அந்த வாரம் கடல் கொதிச்சுக் கெடந்துச்சு" என்றான் தளவாய். "அசைவே இல்ல. அந்தப் பக்கத்துல எல்லாக் கம்பத்தடியிலயும் பவளம் செத்துப் போச்சு. பன்னெண்டுல மட்டும் ஒரு கொத்து பிழைச்சுது. ஏன்னு எழுதித்தான் எங்க மையத்துல ரெண்டு பேரு பட்டம் வாங்கிருக்காங்க. அடியில குளிர்ந்த ஊத்து இருக்குமாம்."

"ஊத்து" என்றாள் ஜெசிந்தா. சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, உடனே போய்விட்டது. "மிதவையப் பிடிச்சுக்கிட்டு சும்மா கெடந்திருக்கலாம்லா? சாயங்காலம் படகு வந்திருக்கும்லா? பிள்ளையும் பொண்டாட்டியும் கரையில இருக்க, கல்லுக்கு விசிறுனாரே. யாரு கேட்டா?"

கிளாட்வினுக்கு அந்தப் பக்கத்துப் பாறையில் எதையும் சாகவிட்டுவிட்டு மேலே வரத் தெரியாது. கோழிக்குஞ்சு செத்தால் சோறு இறங்காத மனிதன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும், கல்பிட்டியில் வேறொருத்தியோடு அவனை இத்தனை வருடம் குடித்தனம் வைக்க அவளால் முடிந்திருக்கிறது.

திடீரென்று வீச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் தொட்டிக்குள் ஒரு சுழிப்பு இறங்கியது. மறுபடி இரண்டு வீச்சு.

"சிலிண்டர் மாத்திருக்காரு" என்றாள் அக்ஸி. அவள் இப்போது நிறுத்தங்களில் விசிறத் தொடங்கியிருந்தாள். அவர் இரண்டு, இவள் இரண்டு. பவளத்தின் மேல் தண்ணீர் ஓயவே இல்லை. கோழை கழன்று போனது.

தளவாயின் கை ஆபத்து முறைப் பொத்தானுக்குப் போனது. "போதும்லா அக்கா? தெரிஞ்சுபோச்சுல்லா?"

"வேண்டாம்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

அதன் பிறகு வீச்சுகள் மாறின. கொஞ்ச நேரம் விசிறல், பிறகு ஒரு சுழிப்பு, ஒன்றும் இல்லாமை, மறுபடி சுழிப்பு, விசிறல். சங்குகுளி வீட்டில் பிறந்தவள் ஜெசிந்தா. அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"காத்து தீந்துருச்சு" என்றாள். "இப்ப மூச்சடக்கி முங்குதாரு. மேல போயி மூச்ச எடுத்துட்டு வாராரு."

விசிறல் குறுகிக்கொண்டே வந்தது. மேலே இருக்கும் நேரம் நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு முறை சுழிப்பு கீழே இறங்கும்போதும் அக்ஸி மூச்சை விட்டாள். மூச்சடக்கித் திரும்பத் திரும்ப முங்கினால் ஒரு கட்டத்தில் மேலே வரும் வழியிலேயே நினைவு தப்பும் என்பதை ஜெசிந்தா மகளிடம் சொல்லவில்லை. தன் அப்பா செத்ததும் அப்படித்தான் என்பதையும் சொல்லவில்லை. கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, ஏறிப் போங்க, போதும், ஏறிப் போங்க என்று உதடு அசையாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். எப்போதோ நடந்து முடிந்த ஒன்றிடம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வீச்சு. நிறுத்தம். ஒரு வீச்சு.

பிறகு மேல் நோக்கி ஒரு சுழிப்பு போனது.

"மேல போயிருக்காரு" என்றாள் அக்ஸி. "வருவாரு."

அவர்கள் காத்திருந்தார்கள். சன்னல் வெயில் சுவருக்கு ஏறியது. அக்ஸி தனியாக விசிறிக்கொண்டிருந்தாள், இரண்டு விசிறிவிட்டு அவருக்கு இடம் விட்டாள். அந்த இடம் காலியாகவே இருந்தது. மறுபடி விசிறினாள், மறுபடி இடம் விட்டாள். வெகுநேரம் கழித்துத் தொட்டியின் மேற்பரப்பில் சின்னதாக ஒரு நெளிவு வந்தது. மாலைக் காற்று. கடல் மறுபடி மூச்சு விட ஆரம்பித்திருந்தது. ஒரு மதியப் பொழுது பிந்தி.

பிறகு தொட்டி முழுவதும் நுண்ணியதாக நடுங்கியது. கண்ணாடிக்குள் ஏதோ ரீங்கரித்தது.

"இது என்னண்ணே?" என்றாள் அக்ஸி.

ஜெசிந்தாதான் சொன்னாள்.

"படகு."

தளவாய் பதிவை நிறுத்தினான். அக்ஸி அழவில்லை. ஸ்டூலின் மேல், கை தண்ணீருக்குள், தலை தொட்டியின் விளிம்பில். ஜெசிந்தா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வெளியே எங்கோ மாதா கோயில் மணி அடித்தது. அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். இத்தனை வருடத்தில் முதல் முறையாக, யாருக்காக வேண்டுகிறோம் என்று தெரிந்து வேண்டினாள். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. ஆனால் தெரிந்திருந்தது.

"இத யாருகிட்டயாவது காட்ட முடியுமா?" என்று கேட்டாள்.

"பாத்தது நாம மூணு பேருதான்க்கா. நான் சொன்னா நம்பமாட்டாங்க, பதிவத் திருடுனேன்னு பிடிப்பாங்க. நாளைக்கு அதுவும் இருக்காது."

"அப்ப ஊருக்கு அவரு ஓடிப்போனவருதான்."

தளவாய் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பவளத்தின் இரண்டு கிளைகள் வெளுத்துவிட்டன. மற்றவை இன்னும் பழுப்பாக இருந்தன. "ஒடனே பெரிய அலையப் போட்டா தாங்காது" என்றான். "கொஞ்ச நேரம் ஆபத்து முறையில வைப்போம்." சிவப்புப் பொத்தானை அழுத்தினான்.

அடி மோட்டார் மெல்ல முனகியது. பவளத்தின் மேல் தண்ணீர் சாய்ந்தது. மறுபடி சாய்ந்தது. நின்றது.

சாய்ந்தது, சாய்ந்தது. நின்றது.

ஜெசிந்தா அவன் தோளைப் பிடித்தாள். "நிறுத்திட்டல்லா? மறுபடி ஏன் அதையே ஓட்டுத?"

"நான் ஓட்டல." தளவாய் பெட்டியைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான். அவன் வாய் திறந்தபடி இருந்தது. "இது பதிவு இல்லக்கா. இதுதான் ஆபத்து முறை."

"புரியிற மாதிரி சொல்லு."

"இத நாங்க யாரும் எழுதல. எல்லாக் கம்பத்தோட பதிவையும் மொத்தமா மிஷினுக்குக் குடுத்தோம், கோளாறுன்னு ஒதுக்குனதையும் சேத்து. நின்ன தண்ணியில பவளம் சாகாம இருக்க எவ்வளவு அசைச்சாப் போதும்னு நீயே கண்டுபிடின்னு விட்டோம். அது இத எடுத்துக் குடுத்துச்சு. ஏன் ரெண்டு, ஏன் நடுவுல நிறுத்தம்னு யாருக்கும் தெரியல. ஆனா பவளம் பிழைச்சுது. எங்கேயிருந்து எடுத்துச்சுன்னு நாங்க கேக்கவே இல்ல."

"எத்தன வீட்ல இருக்கு?"

"எல்லா வீட்லயும்." அவன் குரல் இறங்கியது. "காலையிலேருந்து கோயில் தெரு முழுக்கக் கரண்டு இல்ல. அங்க இப்ப எல்லாத் தொட்டியிலயும் இதுதான் ஓடிக்கிட்டு இருக்கும்."

ஜெசிந்தா சன்னலுக்குப் போனாள். எதிர்க் கட்டடங்களுக்கு அப்பால் கோயில் தெருவின் மாடிகள் தெரிந்தன. மின்விசிறி ஓடாத வீடுகளில் சன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். கல்பிட்டிக் கதை சொன்னவனின் வீடும் அங்கேதான் இருந்தது. அவன் வீட்டுத் தொட்டி நல்ல தொட்டி என்று பேர். எத்தனை தடவை கரண்டு போனாலும் அங்கே ஒரு கிளைகூடச் சாகவில்லை என்று பெருமையாகச் சொல்வான்.

அவள் திரும்பிப் பார்த்தபோது அக்ஸி இன்னும் ஸ்டூலின் மேல்தான் இருந்தாள். விசிறுவதை விட்டிருந்தாள். உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி, பவளத்தின் அடியில் மணல் மேல் வைத்திருந்தாள். தண்ணீர் இரண்டு முறை அவள் விரல்களைத் தாண்டிப் போனது. மணல் துகள்கள் எழும்பிக் கலங்கின.

பிறகு நிறுத்தம் வந்தது. கலங்கல் மெல்லத் தெளிந்துகொண்டிருந்தது. அக்ஸி கையை அசைக்காமல் வைத்திருந்தாள், அடியில் கிடக்கும் சங்கைப் போல, தெளிந்ததும் அப்பாவின் கண்ணில் படும் இடத்தில்.